9 பேர் ஆபீஸுக்குப் பொது மெயில்: ஒரு மெஷின்ல இறங்கினது இன்னொண்ணுல வரமாட்டேங்குது

கேள்வி: கூழ் ஆபீஸ், கிருஷ்ணகிரி

வணக்கம். கிருஷ்ணகிரியில மாம்பழக் கூழ் ஏற்றுமதி பண்ற கம்பெனியோட ஆபீஸ். 9 பேர், 7 கம்ப்யூட்டர், ஒரு 16 போர்ட் சுவிட்ச், ஒரே ஒரு ஃபைபர் லைன். சொந்த டொமைன் இருக்கு. வெப்சைட் இருக்கிற அதே ஹோஸ்டிங்லயே மெயிலும் ஓடுது, மொத்தம் 10 ஜிபி இடம், நிர்வகிக்கறது சிபேனல்ங்கற கன்ட்ரோல் பேனல்ல. எக்ஸ்போர்ட், அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ்னு மூணு ஐடி. ஒவ்வொண்ணையும் மூணு நாலு மெஷின்ல போட்டிருக்கோம். பெரும்பாலும் அவுட்லுக் 2013, ரெண்டு மெஷின்ல மட்டும் தண்டர்பேர்ட்.

ஒரு மெஷின்ல மெயில் இறங்கிட்டா மத்ததுல வர்றதில்லை. ஷிப்பிங் ஏஜென்ட் அனுப்பின பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்ட் யார் மெஷின்ல கிடக்குதுன்னு தேட வேண்டியிருக்கு. யார் பதில் போட்டாங்கன்னு தெரியாம ஒரே பையருக்கு ரெண்டு பேர் ரெண்டு விலை அனுப்பிடறாங்க. ஜிமெயில் வெச்சிருக்கிற பையர்களுக்கு நம்ம மெயில் ஸ்பேமுக்குப் போகுது. ரெண்டு மெஷினோட பி.எஸ்.டி. ஃபைல் (அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கிற ஃபைல்) நெட்வொர்க் டிரைவ்ல இருக்கு, அது அடிக்கடி ரிப்பேர் கேக்குது.

பழைய ஐ3 மெஷின் ஒண்ணு 8 ஜிபி ரேமோட சும்மா இருக்கு. அதுல லினக்ஸ் போட்டு நாமளே மெயில் சர்வர் வெச்சுக்கலாமா? மே மாசம் பெங்களூரா மாங்காய் வரத்து சூடு பிடிக்கறதுக்குள்ள முடிக்கணும்.

பதில் 1: ஓசூர் நெட்வொர்க்

சர்வர் விஷயம் அப்புறம் பேசலாம். முதல் கோளாறு சர்வர்ல இல்லீங்க, மெயிலை இறக்கற முறையில, அதாவது பாப் 3-ல இருக்கு. ஒவ்வொரு மெஷின்லயும் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து இன்கமிங் போர்ட்டைப் பாருங்க. 110 அல்லது 995 இருந்தா பாப். 143 அல்லது 993 இருந்தா ஐமேப். நீங்க சொல்ற அறிகுறிக்கு எல்லா மெஷின்லயும் 110 அல்லது 995 தான் இருக்கும். பாப்ல மெயில் மெஷினுக்கு இறங்கும், சர்வர்ல காப்பி வைக்கச் சொல்லலைன்னா அங்க அழிஞ்சிடும். "சர்வரில் காப்பி வை"ன்னு டிக் போட்டு, பக்கத்துல "14 நாளுக்குப் பிறகு நீக்கு"ன்னு இருந்தா, அந்த ஒரு மெஷின் எல்லாருக்கும் சேர்த்து அழிச்சிடும். அனுப்பின மெயில் கதை இன்னும் மோசம். பாப்ல அது அனுப்பின மெஷினை விட்டு எங்கயும் போகாது. ரெண்டு விலை போறதுக்கு இதுதான் காரணம்.

ஐமேப்ல மெயில் சர்வர்லயே இருக்கும், மெஷின்கள் அதைப் பார்க்கும், அவ்வளவுதான். அனுப்பினதும் சர்வர்ல ஏறும்.

மாத்தற முறை. அவுட்லுக்ல இருக்கிற பாப் அக்கவுண்டை அப்படியே ஐமேப்பா மாத்த முடியாது. அதே ஐடியை ஐமேப்னு புதுசா சேர்க்கணும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது: நெட்வொர்க் டிரைவ்ல இருக்கிற பி.எஸ்.டி.யை, அவுட்லுக்கை மூடிட்டு, அந்தந்த மெஷினோட சொந்த டிஸ்க்குக்குக் காப்பி எடுங்க. நெட்வொர்க்ல வெச்சு பி.எஸ்.டி.யைத் திறக்கறதை மைக்ரோசாஃப்டே ஆதரிக்கறதில்லை. ஒரு நொடி கேபிள் ஆடினாலும் ஃபைல் உள்ளுக்குள்ள உடையும், நீங்க பார்க்கிற ரிப்பேர் மெசேஜ் அதோட விளைவுதான். காப்பி எடுத்த பிறகு அவுட்லுக்கோட இன்பாக்ஸ் ரிப்பேர் டூலை அந்தக் காப்பி மேல ஓட்டுங்க, மூலத்தைத் தொடாதீங்க.

அடுத்தது இடம். எல்லா மெஷினோட பி.எஸ்.டி. சைஸையும் கூட்டிப் பாருங்க. 10 ஜிபிக்கு மேல வந்தா இப்ப இருக்கிற ஹோஸ்டிங் தாங்காது. இன்னொரு சிக்கலும் இருக்கு: ஷேர்டு ஹோஸ்டிங்ல ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல். ஜிபி மிச்சம் இருந்தாலும் ஃபைல் எண்ணிக்கை வரம்பு, அதாவது ஐநோட் லிமிட், முதல்ல முட்டும். சிபேனல் முகப்புலயே வலது பக்கம் பெரும்பாலும் காட்டும், பாருங்க.

ஏத்தும்போது பி.எஸ்.டி.யிலிருந்து ஐமேப் ஃபோல்டருக்கு ஒரே இழுவையில 20,000 மெயிலை இழுக்காதீங்க, பாதியில நின்னா எது போச்சு எது போகலைன்னு கணக்கு பிடிக்க முடியாது. மாசம் மாசமா, சில நூறு மெயிலா காப்பி பண்ணுங்க. மூவ் வேண்டாம். எல்லா மெஷினையும் ஏத்தினா ஒரே மெயில் மூணு தடவை வரும். அதிகம் சேர்ந்த மெஷின் ஒண்ணை மூலமா வெச்சு முழுசா ஏத்திட்டு, மத்ததுல இருந்து அனுப்பினவையும் மூலத்துல இல்லாத தேதிகளும் மட்டும் போதும்.

பதில் 2: பென்னாகரம் லினக்ஸ்

ஐ3 மெஷின்ல போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பி வாங்கற புரோகிராம்), டவ்காட் (பெட்டியை வெச்சு ஐமேப்ல காட்டற புரோகிராம்) போட்டு ஓட்டறது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. 9 பேருக்கு 8 ஜிபி ரேம் தாராளம். ஆனாலும் வெளியுலக மெயிலை அதுல ஓட்டாதீங்க. கரண்ட் போனா மெயில் தொலைஞ்சிடும்னு சிலர் இதுக்குக் காரணம் சொல்வாங்க, அது சரியில்லை. உங்க சர்வர் அணைஞ்சிருந்தா அனுப்பற சர்வர் வரிசையில வெச்சுகிட்டு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். போஸ்ட்ஃபிக்ஸ்ல அந்தக் கெடு 5 நாள். ரெண்டு மணி நேரக் கட்டுக்கு ஒரு மெயிலும் தொலையாது, தாமதமா வரும், அவ்வளவுதான்.

உண்மையான தடை வெளியே போற மெயில்ல இருக்கு. சர்வரிலிருந்து சர்வருக்கு மெயில் போர்ட் 25 வழியா போகுது. பிராட்பேண்ட் லைன்கள்ல இந்தப் போர்ட்டைப் பெரும்பாலும் அடைச்சு வெச்சிருப்பாங்க. திறந்திருந்தாலும், ஃபைபர் லைன்ல கிடைக்கிற ஐபி பல நேரம் சிஜிநாட் பின்னால இருக்கும். அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகளும் கடைகளும் பகிர்ந்துக்கும், வெளியிலிருந்து உங்க மெஷினுக்கு நேரா வழி இருக்காது. கண்டுபிடிக்க சுலப வழி: ரூட்டரோட வான் (வெளி இணைப்பு) பக்கத்துல காட்டற ஐபியையும் பிரவுசர்ல தெரியற பொது ஐபியையும் ஒப்பிடுங்க. ரெண்டும் வேறயா இருந்தா, முக்கியமா ரூட்டர்ல 100.64-லிருந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா, சிஜிநாட்.

நிலையான ஐபி வாங்கினாலும் அந்த ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது ஐபி எந்தப் பேருக்குரியதுன்னு சொல்ற பிடிஆர் ரெக்கார்டு போட்டுத் தர வேண்டியது லைன் கொடுத்தவங்க. டொமைன் பேனல்ல நீங்களா போட முடியாது. பிடிஆர் இல்லாத ஐபியிலிருந்து வர்ற மெயிலை ஜிமெயில் ஏத்துக்காது. ஸ்பாம்ஹாஸ் மாதிரி ஸ்பேம் தடுப்புப் பட்டியல்கள்ல பிராட்பேண்ட் ஐபி வரிசைகள் மொத்தமா ஏற்கெனவே இடம்பெற்றிருக்கும். நீங்க ஒரு தப்பும் பண்ணாமலே முதல் மெயில் நிராகரிக்கப்படும். ஏற்றுமதி பண்ற ஆபீஸுக்கு இந்த வம்பு வேண்டாம். மெயிலை வாடகைக்கு எடுங்க.

அந்த ஐ3-க்கு அதைவிட நல்ல வேலை இருக்கு, காப்பகம். டெபியன் லினக்ஸ் போட்டு டவ்காட் மட்டும் நிறுவுங்க. ஒரே அளவு டிஸ்க் ரெண்டை மிரரா கட்டுங்க, ஒண்ணு செத்தாலும் மெயில் நிக்கும். ராத்திரி 1 மணிக்கு கிரான் (நேரம் வெச்சு வேலையை ஓட்டறது) வழியா ஐமேப்சிங்க்ங்கற மெயில் காப்பி புரோகிராம் ஓடி, வெளி சர்வர்ல இருக்கிறதை இங்க இழுத்து வைக்கட்டும். கூகுள்னா ஆப் பாஸ்வேர்டு, மைக்ரோசாஃப்ட்னா ஓஆத் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதில் அனுமதிச் சாவி), ஐமேப்சிங்க் ரெண்டையும் ஏத்துக்கும். முக்கியமான விஷயம்: டெலீட் ஆப்ஷன் எதையும் சேர்க்காதீங்க. சேர்த்தா அங்க யாராவது தப்பா அழிச்சது ராத்திரி இங்கயும் அழிஞ்சு, காப்பகம் வெச்சும் பலனில்லாம போயிடும். இந்த மெஷினுக்கு ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து உள்ளே வர்ற வழி) எதுவும் கூடாது, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள 993 திறந்தா போதும். லைன் அறுந்த நாள்லயும் பழைய பி.எல்.லும் பழைய விலையும் இதுல தேடி எடுக்கலாம். வெளிநாட்டு பையர்கிட்ட தகராறு வந்தா, மூணு வருஷத்துக்கு முந்தின மெயில் கையில இருக்கும்.

பதில் 3: தர்மபுரி கிரானைட்

ஓசூர் நண்பர் சொன்னபடி ஐமேப்புக்கு மாத்தினா பாதி சரியாகும். உடனே அடுத்த பிரச்சினை வரும், அதை இப்பவே சொல்லிடறேன்.

எக்ஸ்போர்ட் ஐடியை 4 மெஷின்ல ஒரே பாஸ்வேர்டோட போட்டிருக்கீங்க. தண்டர்பேர்ட் ஒரு அக்கவுண்டுக்கு 5 இணைப்பு வரைக்கும் திறந்து வெச்சிருக்கும். ஹோஸ்டிங்ல ஓடற டவ்காட்ல ஒரு ஐடிக்கு, ஒரு ஐபியிலிருந்து, இயல்பான வரம்பு 10. உங்க 7 மெஷினும் ஒரே பொது ஐபி வழியா தான் வெளியே போகுது. ஆக ரெண்டு தண்டர்பேர்டே 10-ஐ நிரப்பிடும். மூணாவதா திறக்கறவங்களுக்கு பாஸ்வேர்டு தப்புங்கற மாதிரி பெட்டி வரும். அவங்க பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பாங்க, ஹோஸ்டிங்கோட ஃபயர்வால் ஐபியையே பூட்டிடும், ஆபீஸ் முழுக்க மெயில் நிக்கும். ஹோஸ்டிங்காரங்க 10-ஐக் கூட்டி வெச்சிருக்கலாம், ஆனா வரம்பு கண்டிப்பா ஒண்ணு இருக்கும். ஜிமெயில்ல ஒரு அக்கவுண்டுக்கு 15. தண்டர்பேர்டில் சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் 5-ஐ 2 ஆக்குங்க. தற்காலிகமா தாங்கும்.

இன்னொண்ணு: தண்டர்பேர்ட் அனுப்பினதை ஒரு ஃபோல்டர்ல வெக்கும், அவுட்லுக் வேற பேர்ல ஒண்ணை உருவாக்கி அதுல வெக்கும். மறுபடி "நான் அனுப்பினேனே, உங்களுக்குத் தெரியலையா" கதைதான். தண்டர்பேர்டில் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் போய் அவுட்லுக் பயன்படுத்தற ஃபோல்டரையே காட்டிடுங்க.

நிரந்தரத் தீர்வு, ஒரே பாஸ்வேர்டைப் பகிர்றதை விட்டுட்டு பகிர்வுப் பெட்டிக்குப் போறது. ஆளுக்கு ஒரு ஐடி, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, மொபைல்ல இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. எக்ஸ்போர்ட், அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ் மூணும் பாஸ்வேர்டே இல்லாத பொதுப் பெட்டிகள், யாருக்கு அனுமதியோ அவங்க அவுட்லுக்ல அது தானா வந்து நிக்கும். மைக்ரோசாஃப்ட் 365-ல இந்தப் பொதுப் பெட்டிக்கு 50 ஜிபி வரைக்கும் தனி லைசென்ஸ் வேண்டாம், அதைத் திறக்கற ஆளுக்குத்தான் லைசென்ஸ். கூகுள் ஒர்க்ஸ்பேஸ்ல இதே வேலைக்கு குரூப்ஸ்ல கொலாபரேட்டிவ் இன்பாக்ஸ் இருக்கு. ஒரு மெயிலை "இது உன்னோடது"ன்னு இன்னொருத்தர் பேர்ல ஒதுக்கலாம், ரெண்டு விலை போற பிரச்சினைக்கு அது நேரடி மருந்து. ஜோஹோ பக்கம் போறதா இருந்தா இலவசத் திட்டத்துல ஐமேப் கிடையாதுங்கறதை முதல்லயே தெரிஞ்சுக்கங்க, அவுட்லுக்ல வராது.

ஒரு ஐடிக்கு வர்றதை நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணி விடற வழியை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீங்க. நாலு பேருக்கும் காப்பி போகும், யார் பதில் போட்டாங்கன்னு நாலு பேருக்கும் தெரியாது.

மைக்ரோசாஃப்ட்ல ஒரு டிக் மறக்கக் கூடாது. பொதுப் பெட்டி பேர்ல அனுப்பினாலும், இயல்பா அது அனுப்பினவரோட சொந்த சென்ட் ஐட்டம்ஸ்ல தான் விழும். அட்மின் சென்டர்ல அந்தப் பெட்டியைத் திறந்து, சென்ட் ஐட்டம்ஸ் பகுதியில ரெண்டு காப்பி ஆப்ஷனையும் போடுங்க. போடலைன்னா இவ்வளவு செலவு பண்ணியும் பழைய இடத்துலயே நிப்பீங்க.

வேலை முறை ஒண்ணும் சொல்லணும். பொதுப் பெட்டியில ஒருத்தர் மெயிலைத் திறந்தா எல்லாருக்கும் "படிச்சாச்சு"ன்னு மாறிடும். அதனால தடிச்ச எழுத்தை வேலை பாக்கிங்கறதுக்கு அடையாளமா வெச்சுக்காதீங்க. இன்பாக்ஸ்ல இருந்தா யாரும் எடுக்கலை, ஆள் பேர் போட்ட ஃபோல்டர்ல இருந்தா அவர் எடுத்துட்டார், முடிஞ்சா "முடிந்தது" ஃபோல்டர். பதில் எழுத ஆரம்பிக்கும் முன்னாடியே தன் பேருக்கு நகர்த்தணும், அனுப்பின பிறகு இல்லை.

கூழ் ஆபீஸ், கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பார்த்ததுல எல்லாமே 995 தான். பி.எஸ்.டி. கூட்டினா 31 ஜிபி வருது. முதலாளிகிட்ட பேசினேன், மைக்ரோசாஃப்ட் 365 போகலாம்னு சொல்லிட்டார். 6 பேருக்கு லைசென்ஸ், மூணு பொதுப் பெட்டி. வெப்சைட் பழைய ஹோஸ்டிங்லயே இருக்கும். மாத்தற அன்னிக்கு மெயில் விட்டுப் போகாம எப்படி? டாலியிலிருந்து பில் மெயில் போகுது, ஸ்கேனர்லயும் ஸ்கேன் டு ஈமெயில் இருக்கு. அதெல்லாம் என்ன ஆகும்?

பதில் 4: ஓசூர் நெட்வொர்க்

பிசினஸ் பேசிக் திட்டம் எடுத்தா டெஸ்க்டாப் அவுட்லுக் அதுல வராது, பிரவுசர்லயோ மொபைல்லயோ தான். அவுட்லுக் 2013-க்கு ஆதரவு 2023 ஏப்ரல்ல முடிஞ்சுது, அதை இதோட இணைக்கப் பார்க்காதீங்க. திட்டம் வாங்கும் முன்னாடியே முடிவு பண்ணுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, டிஎன்எஸ்ல (டொமைனோட முகவரிப் பதிவேடு) இப்ப இருக்கிற எம்எக்ஸ் ரெக்கார்டோட (மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது) டிடிஎல்லை, அதாவது மத்தவங்க அதை ஞாபகம் வெச்சுக்கற நேரத்தை, 300 நொடி ஆக்குங்க. இது 14400-ன்னு இருந்தா, நீங்க மாத்தின பிறகும் 4 மணி நேரம் வரைக்கும் உலகம் பழைய இடத்துக்கே அனுப்பும். மாத்தற அன்னிக்குக் குறைச்சா பலன் இல்லை, பழைய டிடிஎல் காலாவதி ஆகணும்.

அடுத்து மைக்ரோசாஃப்ட் கேட்கற டொமைன் சரிபார்ப்பு டிஎக்ஸ்டி ரெக்கார்டை டிஎன்எஸ்ல போட்டுட்டு, அங்க 6 ஐடியையும் 3 பொதுப் பெட்டியையும் முழுசா உருவாக்குங்க. இது மெயில் வழியை மாத்தாது. அப்புறம் எம்எக்ஸை மாத்தும்போது பழைய எம்எக்ஸை நீக்கிடுங்க. "இருக்கட்டும், பேக்கப்"னு குறைஞ்ச முன்னுரிமையில விட்டா, ஸ்பேமர்கள் தேடிப்போய் அது வழியா தான் அடிப்பாங்க, நடுவுல ரெண்டொரு நல்ல மெயிலும் அங்க போய் ஒளிஞ்சுக்கும்.

நிறைய பேர் விழற இடம் இதுதான்: சிபேனல்ல ஈமெயில் ரூட்டிங்னு ஒரு பக்கம் இருக்கு. அதை "ரிமோட்"னு மாத்தணும். மாத்தலைன்னா அந்த ஹோஸ்டிங் சர்வர், "இந்த டொமைன் மெயில் நம்ம வீட்லதான் இருக்கு"ன்னு நினைச்சுக்கும். வெப்சைட் என்கொயரி ஃபார்ம்ல வர்ற மெயில் எல்லாம் பழைய பெட்டியில விழும், புதுப் பெட்டியில எட்டிப் பார்க்காது. அதே சர்வர்ல வேற யாராவது கம்பெனி இருந்து உங்களுக்கு மெயில் போட்டா அதுவும் அங்கயே நின்னுடும். அனுப்பினவருக்குத் திரும்பியும் வராது, உங்களுக்கும் வராது. அதனால ரெண்டு பக்கமும் தெரியவே தெரியாது. இதைச் சோதிக்க, மாத்தின உடனே ஃபார்ம்ல ஒரு என்கொயரி போட்டுப் பாருங்க. ஜிமெயில்லருந்து அனுப்பிப் பார்த்தா மட்டும் போதாது, ஏன்னா அது சரியாவே வரும்.

அவுட்லுக்குக்கு மெயில் சர்வரைக் காட்டற ஆட்டோடிஸ்கவர் ரெக்கார்டும் மைக்ரோசாஃப்டைக் காட்டணும். இல்லைன்னா அவுட்லுக் பழைய ஹோஸ்டிங்கைக் கண்டுபிடிச்சு, பழைய பாஸ்வேர்டு கேட்டுகிட்டே இருக்கும்.

சர்வர்ல மிச்சமிருக்கிற பழைய மெயிலுக்கு எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டர்ல ஐமேப் மைக்ரேஷன் இருக்கு. ஒவ்வொரு பெட்டியோட ஐடி, பாஸ்வேர்டு ஒரு சிஎஸ்வி ஃபைல்ல கொடுக்கணும். மெயில் மட்டும் தான் வரும், கான்டாக்ட் வராது. அந்த வேலையை நீங்க அழிக்கற வரைக்கும் அது 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போய் புதுசு இருக்கான்னு பார்க்கும். அதனால எம்எக்ஸ் மாத்தின பிறகும் ஒரு வாரம் விட்டு வைங்க, பழைய பெட்டியில தவறி விழுந்ததும் தானா வந்து சேரும். உங்க 31 ஜிபி பி.எஸ்.டி.யில தான் இருக்கு, அதை நான் முதல் பதில்ல சொன்ன முறையில ஏத்துங்க. லைசென்ஸ் இல்லாத பொதுப் பெட்டிக்கு 50 ஜிபி வரம்பு ஞாபகம் இருக்கட்டும். எல்லாத்தையும் எக்ஸ்போர்ட்ல கொட்டாம, 3 வருஷத்துக்கு முந்தினதை அந்த ஐ3 காப்பகத்துல வெச்சுக்கலாம்.

ஸ்கேனரை மெயிலிலிருந்து விடுவிச்சுடுங்க. பழைய மெஷின்கள்ல டிஎல்எஸ் 1.0-ங்கற பழைய குறியாக்க முறை தான் இருக்கும், புது சர்வர்கள் அதை ஏத்துக்காது. நெட்வொர்க்ல ஒரு ஃபோல்டர் ஷேர் பண்ணி ஸ்கேன் டு ஃபோல்டர் வைங்க. டாலியும் அதே மாதிரி: வெறும் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போற முறையை பாப், ஐமேப்புக்கு 2022 அக்டோபர்லயே மைக்ரோசாஃப்ட் நிறுத்த ஆரம்பிச்சாங்க, அனுப்பற பக்கமும் அதே வழியில போய்கிட்டிருக்கு. பில்லை பிடிஎஃப்பா ஃபோல்டர்ல எடுத்து, அக்கவுண்ட்ஸ் பெட்டியிலிருந்து இணைச்சு அனுப்புங்க. ஸ்கேன் பண்ணும்போது 200 டிபிஐ கிரேஸ்கேல் போதும், எல்.சி.யும் (பேங்க் கொடுக்கற உத்தரவாதக் கடிதம்) மத்த சர்டிஃபிகேட்டும் தெளிவாவே தெரியும். 300-ல கலர் வெச்சு 20 பக்கம் எடுத்தா பையர் பக்கம் திரும்பி வரும். மெயிலில் இணைப்பு போகும்போது அளவு மூணுல ஒரு பங்குக்கும் மேல ஏறும், அதனால 25 எம்பி வரம்புன்னா உண்மையில 18 எம்பி ஃபைல் தான்.

பதில் 5: தர்மபுரி கிரானைட்

ஸ்பேம் விஷயத்தை யாரும் முடிக்கலை. மூணு டிஎன்எஸ் ரெக்கார்டு.

எஸ்பிஎஃப் (உங்க பேர்ல எந்தெந்த சர்வர் அனுப்பலாம்ங்கற பட்டியல்): ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு தான் இருக்கணும். ஹோஸ்டிங் ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கும், மைக்ரோசாஃப்ட் இன்னொண்ணு போடச் சொல்லும். ரெண்டாவதைத் தனியா சேர்த்தா ரெண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே மைக்ரோசாஃப்டோட இன்க்ளூடைச் சேருங்க, ஃபார்ம் மெயில் இன்னும் ஹோஸ்டிங்லருந்து போறதால அதோட ஐபியும் இருக்கட்டும். அந்த வரியைச் சரிபார்க்க நடக்கற டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது.

டிகிம் (மெயிலில் விழற டிஜிட்டல் கையெழுத்து): மைக்ரோசாஃப்ட்ல செலக்டர் 1, செலக்டர் 2-ன்னு ரெண்டு சிநேம் (ஒரு பேரை இன்னொரு பேருக்குக் காட்டற) ரெக்கார்டு. டிஎன்எஸ்ல போட்டுட்டு மைக்ரோசாஃப்டோட டிஃபெண்டர் பக்கத்துல போய் உங்க டொமைனுக்கு ஆன் பண்ணணும். ரெக்கார்டு போட்டதோட நிறுத்திட்டா கையெழுத்து உங்க டொமைன் பேர்ல விழாது.

டிமார்க் (மேல சொன்ன ரெண்டுலயும் தேறாத மெயிலை என்ன பண்ணணும்னு சொல்றது): முதல்ல நன் (ஒண்ணும் பண்ண வேண்டாம்), ரிப்போர்ட்டுக்கு ஒரு ஐடி. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்பறவங்ககிட்ட இதெல்லாம் கறாரா கேக்கறாங்க. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணுமே கட்டாயம், உங்க மாதிரி சின்ன ஆபீஸுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒண்ணாவது வேணும். சில வாரம் ரிப்போர்ட் பார்த்து, உங்க வழிகள் எல்லாம் தேறினதும் குவாரன்டைன் (ஸ்பேமுக்குத் தள்ளு), அப்புறம் ரிஜெக்ட் (ஏத்துக்காதே). ரிஜெக்ட் வரைக்கும் போறது ஏற்றுமதி ஆபீஸுக்கு ரொம்ப முக்கியம். உங்க பேர்ல பையருக்கு "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, அட்வான்ஸை இதுல போடுங்க"ன்னு வர்ற மெயிலுக்கு அதுதான் முதல் தடுப்பு.

டிமார்க் மட்டும் போதாது, ஏன்னா திருடன் ஒரு எழுத்து மாத்தின டொமைன்லருந்தும் அனுப்புவான், அல்லது பழைய பாஸ்வேர்டு வெச்சு உங்க பெட்டிக்குள்ளயே உக்காந்திருப்பான். இப்பவே பழைய ஹோஸ்டிங்ல மூணு ஐடியோட ஃபார்வர்டர், ஃபில்டர் பக்கங்களைத் திறந்து பாருங்க. தெரியாத முகவரிக்குக் காப்பி போற ரூல், அல்லது "இன்வாய்ஸ்"னு வர்றதை வேற ஃபோல்டருக்குத் தள்ற ரூல் இருந்தா, உடனே எடுத்துட்டு பாஸ்வேர்டு மாத்துங்க. ஒவ்வொரு பையர் கிட்டயும் புரோஃபார்மா இன்வாய்ஸ்லயே எழுதிடுங்க: பேங்க் விவரம் மாறினா மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம், ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு போன்லயும் சொல்வோம்னு. இங்க டிரம் சப்ளையருக்கோ ஃப்ரைட்டுக்கோ நீங்க அனுப்பின பணம் அந்த மாதிரி போயிட்டா, நேரம் கடத்தாம சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க, பேங்க்லயும் சொல்லுங்க. முதல் சில மணி நேரத்துக்குள்ள சொன்னா தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

பதில் 6: பென்னாகரம் லினக்ஸ்

ஒரே சேர்க்கை. 6 லைசென்ஸ் எடுத்திருக்கீங்க, மீதி 3 பேர் பொதுப் பெட்டியைத் திறக்க இன்னொருத்தர் ஐடியைக் கடன் வாங்காம பார்த்துக்கங்க. குடோன்ல இருக்கிறவங்களுக்கு மெயில் தேவையில்லை, லோடிங் விவரம் மட்டும் போதும்னா அதை நெட்வொர்க் ஃபோல்டர்ல வைங்க. தேவைன்னா ஏழாவது லைசென்ஸ் வாங்கிடுங்க. சீசனுக்கு மட்டும் வர்ற ஆளுக்கு மாசக் கணக்குல எடுத்து, ஆகஸ்ட்ல அந்த ஐடியைப் பொதுப் பெட்டியா மாத்திட்டு லைசென்ஸைக் கழட்டலாம். அவர் பேர்ல இருந்த மெயில் அப்படியே இருக்கும்.